நன்னடத்தை அலுவலர் பீரோவைத் திறக்கலாமா?

ஈரோட்டில் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். பரோல், நன்னடத்தைப் பிணையில் (ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கி, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடுவது) இருப்பவர்களின் வீட்டுச் சோதனை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பவானியிலிருந்து ஜமுக்காளத் தறிக்காரர்: வக்கீலய்யா, அடிதடி வழக்கில் தம்பியை ரெண்டு வருஷ நன்னடத்தைப் பிணையில் கோர்ட் விட்டுச்சுங்க. மேற்பார்வைக்கு வரும் அலுவலர் போன வாரம் பீரோவைத் திறக்கச் சொன்னார். திறக்கோணுங்களா?

வேண்டியதில்லைங்க. விசாரிப்பது, மேற்பார்வை பார்ப்பது, வேலை தேடித்தர முயல்வது, ஆலோசனை சொல்வது இவைதான் 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 14-வது பிரிவு அவருக்குக் கொடுத்த வேலை. சோதனை போடும் அதிகாரம் அதில் இல்லை. அதற்காக வெடுக்கென்று பேசிவிடாதீர்கள். நிபந்தனையை மீறினான் என்று கோர்ட் முடிவு செய்தால், 9-வது பிரிவில் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். பிணை உத்தரவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அவரை உட்கார வைத்துக் காபி கொடுங்கள். பீரோ சாவி மட்டும் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

காங்கேயம் அக்கா: மச்சான் கோவை ஜெயில்ல இருந்து பரோல்ல வந்திருக்காருங்க. போலீஸ் எங்க வீட்டைச் சோதனை போடலாமா?

பரோல் என்று நாம் சொல்வது நம் மாநிலத்தின் 1982-ஆம் ஆண்டு விதிகளில் விடுப்புதான்: அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு. ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் அவர் போட்டே ஆக வேண்டும். வீட்டுக்குள் தேட அது போதாது. வாரண்ட் வேண்டும், அவசரம் என்றால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 185-வது பிரிவுப்படி காரணத்தை முதலில் எழுதி, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு நகல் அனுப்ப வேண்டும். உள்ளூர்க்காரர் இருவர் சாட்சி, வீடியோ, எடுத்த பொருளின் பட்டியல் எல்லாம் உண்டு. உங்களைச் சோதிப்பதென்றால் ஒரு பெண்தான் சோதிக்க வேண்டும். "வீடியோ ஓடுதுங்களா சார்?" என்று வாசலிலேயே கேளுங்கள்.

கோபி அண்ணா: பையன் கலிபோர்னியாவில் ஒருத்தரோடு வீட்டைப் பங்கு போட்டு இருக்கான். அந்த ஆள் பரோலாம். அதிகாரிங்க வாரண்ட் இல்லாம வந்து தேடறாங்களே?

அங்கே அது சட்டப்படி சரி. வாரண்ட் இல்லாமலும், காரணம் இல்லாமலும் சோதிக்கலாம் என்பது அந்த மாநிலத்தில் பரோலுக்கே உரிய நிபந்தனை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006-இல் சாம்சன் வழக்கில் அதை ஏற்றுக்கொண்டது. சந்தேகம்கூட வேண்டாம் என்றது. ஆனால் ஆள் பரோலில் இருப்பது அதிகாரிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெறும் தொந்தரவுக்காகத் தேடக் கூடாது. ஹால், சமையலறை போன்ற பொது இடங்களைப் பார்ப்பார்கள். உங்கள் பையன் தனியாகப் பூட்டி வைத்திருக்கும் அறைக்கு இந்த நிபந்தனை போதாது. அந்தப் பரோல் நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போட்டது அவன் அல்லவே.

பெருந்துறை: ரவுடி லிஸ்ட்டில் பேர் இருக்குங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டறாங்க.

1962-லேயே கரக் சிங் வழக்கில், உத்தரப் பிரதேசத்தில் இரவு வீடு தேடிப் போக அனுமதித்த போலீஸ் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தேதி, மணி எழுதி வையுங்கள்.

பொள்ளாச்சி: முறை தவறித் தேடினால் கிடைச்ச பொருள் செல்லாதுங்களா?

பெரும்பாலும் செல்லுங்க. வழக்குக்குச் சம்பந்தமான பொருள் என்றால் ஏற்கலாம் என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. மகஜர் (சோதனையில் நடந்ததையும் எடுத்ததையும் எழுதும் தாள்) நகலை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். குறுக்கு விசாரணைக்கு எனக்கு வேணும்.