கேட் 6 போதும், உள்ளே இருப்பது செம்புதானா என்று பாருங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புது வீடு பூச்சு வேலைக்கு வந்துவிட்டது. கீழே முன்னறையில் ரௌட்டர். மச்சில் இரண்டு அறைகளுக்கும், நான்கு கேமராக்களுக்கும், 60 மீட்டர் தள்ளித் தோட்டத்தில் இருக்கும் பம்புசெட் அறைக்கும் இணையக் கேபிள் இழுக்க வேண்டும். கேட் 8 போட்டால்தான் இருபது வருஷம் தாங்கும் என்கிறார் வயரிங் பார்ப்பவர். கேமரா மாட்டுபவரோ கேட் 6 பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். கேட் என்பது 'கேட்டகரி', அதாவது இணையக் கேபிளின் தரப் பிரிவு. வீட்டுக்குள் தரமான கேட் 6 போடுங்கள்.

கேட் 8 என்பது டேட்டா சென்டரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இயந்திரங்களை இணைக்க வந்தது. அதன் முழு வேகமும் 30 மீட்டர் வரைதான். தடிமனானது, பைப் வளைவுகளில் மடங்காது, உள்ளே சுற்றியிருக்கும் உலோக உறைக்கு முறையாக எர்த் கொடுக்க வேண்டும். வீட்டு இணைப்பு பெரும்பாலும் 100 அல்லது 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேகத்தில் வருகிறது. பழைய கேட் 5இ கேபிளே 100 மீட்டர் தூரத்துக்கு 1000 எம்பிபிஎஸ் கொண்டுபோகும். கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை அதைப்போல் பத்து மடங்கு தாங்கும். உங்கள் மச்சுக்கு அவ்வளவு தூரம் வரவே வராது. கேட் 7 பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது அந்தப் பாதி விலைப் பெட்டி. இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் இருப்பது பெரும்பாலும் செம்பு அல்ல, அலுமினியக் கம்பிமேல் செம்புப் பூச்சு. சிசிஏ என்பார்கள். பெட்டியில் கேட் 6 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். ஆனால் கேட் 6 தரவிதிப்படி கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியக் கம்பிக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கேமராவுக்குக் கரண்டும் இதே கேபிளில்தான் போகிறது. பகலில் ஒழுங்காக ஓடும். ராத்திரி கேமராவின் விளக்குகள் எரியத் தொடங்கியதும் கூடுதல் கரண்ட் தேவைப்படும், அது போய்ச் சேராமல் கேமரா அணைந்து அணைந்து எரியும். உடனே கேமரா கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றை விற்பார்கள். கேபிளை ஒருவரும் சந்தேகப்படுவதில்லை, அது சுவருக்குள் போய்விட்டதே!

சோதிப்பது எளிது. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். சந்தேகம் தீரவில்லையா? இன்னும் வெட்டி எடுக்காத 305 மீட்டர் பெட்டியில் ஒரே கம்பியின் இரு முனைகளிலும் மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். 29 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அலுமினியமாகவோ மெல்லிய கம்பியாகவோ இருக்கும், வாங்காதீர்கள். பில்லில் "முழுச் செம்பு" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். டெண்டர் விடும் அலுவலகங்களே "கேட் 6" என்று ஒரு வரி எழுதிவிட்டு, யார் குறைந்த விலை என்று மட்டும் பார்க்கின்றன. வந்திறங்கியதைச் சுரண்டிப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. அந்தச் சரக்கு சந்தையில் ஓடாமல் என்ன செய்யும்?

பம்புசெட் அறைக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் 60 மீட்டருக்குக் கேட் 6 தாராளமாக எட்டும், தூரம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை இடி. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் விழும் இடிக்கு இரண்டு கட்டடங்களின் எர்த்திலும் மின்னழுத்தம் ஒன்றுபோல் இருக்காது. நடுவில் செம்புக் கம்பி போனால் அந்த வித்தியாசம் முழுவதும் அதன் வழியே பாய்ந்து ரௌட்டர், கேமரா, டிவி எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கும். மண்ணுக்குள் புதைத்தாலும் இதே கதைதான். ஆகவே அங்கே கண்ணாடி இழை, அதாவது ஃபைபர் போடுங்கள். இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது ஃபைபரைச் சாதாரண இணையக் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி, வைத்தால் போதும். ஃபைபருக்குத் துணையாக இரும்புக் கம்பி சேர்ந்து வருவதை வாங்காதீர்கள், போட்டால் இடிக்கு மறுபடியும் வழிவிட்டதாகிவிடும். ஃபைபரில் கரண்ட் போகாது என்பதால் அங்கே இருக்கும் கேமராவுக்கு அந்த அறையிலிருந்தே கரண்ட் கொடுக்க வேண்டும். வயரிங் பார்ப்பவர் இதை வீண் செலவு என்பார். எரிந்த சாமானுக்கு அவர் காசு தரப் போவதில்லை.

அப்புறம், கரண்ட் வயர் போகும் பைப்பில் இந்தக் கேபிளைச் சேர்த்து இழுக்க விடாதீர்கள், தனிப் பைப் வேண்டும். வெயிலில் கிடக்கும் இடத்துக்கு வெளிப்புறத்துக்கான கருப்பு உறைக் கேபிள் போடுங்கள். நுனி மாட்டும்போது எட்டுக் கம்பிகளையும் மாட்டச் சொல்லுங்கள். நான்கை மட்டும் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் வேகம் 100-ஐத் தாண்டாது. பூச்சு பூசுமுன் ஒவ்வொரு கேபிளிலும் லேப்டாப்பைச் செருகி, இணைப்பு வேகம் 1000 எம்பிபிஎஸ் காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.