உலகப் பார்வை என்றால் என்ன, அது ஏன் காலந்தோறும் மாறுகிறது?

பூமியும் வானமும் எப்படி அமைந்துள்ளன, அவற்றில் மனிதனின் இடம் எது என்று ஒரு சமூகம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் படமே உலகப் பார்வை. தருமபுரி வட்டார நடுகற்கள் சிலவற்றில் கீழே போரும், அதற்கு மேல் வீரனை அழைத்துச் செல்லும் தேவமகளிரும், உச்சியில் வீரசொர்க்கமும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருப்பது அப்படிப்பட்ட ஒரு படம்தான்.

நாம் நிற்கும் இடத்திலிருந்தே எதையும் காண்பதால், நிற்பதாக நினைத்த இடமே நகர்கிறது என்று தெரியவரும்போது படம் மாறுகிறது. ஒகேனக்கல்லில் பரிசலைச் சுழற்றினால், உள்ளே இருப்பவருக்குப் பாறைச் சுவர்களே சுற்றுவதாகத் தோன்றும். ஓடத்தில் செல்பவருக்குக் கரை பின்னோக்கி நகர்வதுபோலவே, சுழலும் பூமியில் இருக்கும் நமக்கு விண்மீன்களும் நகர்வதாகத் தோன்றுகின்றன என்று கி.பி. 499 அளவில் ஆரியபட்டர் எழுதியது, என் பார்வையில், இன்றும் இதற்கு மிகத் தெளிவான விளக்கம்.

முன்னோர் அனைவரும் பூமியைத் தட்டையாகவே எண்ணினர் என்பது தவறு, கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் நிழலை அளந்து உருண்டைப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.