கார் ஸ்டீரியோவில் செல்போன் பாட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பழைய காரில் ரேடியோ மட்டும்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். ஊரைத் தாண்டிவிட்டால் பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. சென்னைக்குள் வந்தால் நடுவில் வேறு நிலையம் புகுந்துவிடுகிறது. கருவி பழுதா? (வாசகர், குரோம்பேட்டை)

பழுது இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு குட்டி வானொலி நிலையம். அதன் அலை சில அடி தூரம் போனால் போதும் என்பதால் சக்தி மிகக் குறைவு. காரின் ஆன்டெனாவோ வெளியே, ஊர் நிலையங்களின் அலை நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நிற்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு எஃப்.எம். அலைகள் வந்தால் ரேடியோ வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் தெருக்களில்தான் அதுவும் இதுவுமாக மாறி மாறிக் கேட்கும்.

டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, 87.5-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை ரேடியோவைக் கையால் நகர்த்துங்கள். தானாகத் தேடும் பொத்தான் வேண்டாம். அது நிலையங்களைத்தான் காட்டும், நமக்கு வேண்டியது காலி இடம். வெறும் 'உஸ்' மட்டும் கேட்கும் புள்ளியைப் பிடித்து, அதற்கு இரு பக்கமும் 0.4 மெகாஹெர்ட்ஸ் வரை நிலையம் இல்லையா என்றும் பாருங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரைச் செருகி, அதையும் அதே எண்ணில் வையுங்கள். சென்னையில் 98.3-க்கும் 101.4-க்கும் இடையில் முதலில் தேடலாம். 'கடைசி முனையில் வைத்தால் தொல்லை இல்லை' என்று பலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம், 107.8, 90.4 போன்றவை கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிகளுக்குக் கொடுக்கப்படும் அலைவரிசைகள். கல்லூரி வாசலைக் கடக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

ஓரிடத்தில் காலியாக இருப்பது அடுத்த ஊரில் காலியாக இருக்காது. ஆகவே இரண்டு மூன்று அலைவரிசைகளைத் தேர்ந்து ரேடியோ பொத்தான்களில் பதிந்துவையுங்கள். போனின் ஒலியளவு முக்கால் பங்கு இருக்கட்டும். முழுதாக ஏற்றினால் 'ச', 'ஷ' வரும் இடங்களில் ஒலி சிதறும். மிகவும் குறைத்தால் இரைச்சல் மேலே வந்துவிடும். பாட்டு விட்டு விட்டு வந்தால் சாக்கெட்டின் அடியைப் பாருங்கள். தூசி படிந்ததாலோ, செருகி ஆடுவதாலோ மின்தொடர்பு அறுந்திருக்கும். சாக்கெட்டே செத்துப்போயிருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். உள்ளே விழுந்த ஒரு ரூபாய் நாணயம் ஷார்ட் ஆக்கியிருக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும், ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளையோ (போனிலிருந்து கம்பி வழியாக ஒலியை வாங்கும் துளை) யூஎஸ்பியோ இருந்தால் டிரான்ஸ்மிட்டர் பக்கமே போகாதீர்கள். இருப்பதில் கடைசி வழி அதுதான்.

கேள்வி: ஆக்ஸ் கேபிளில் பாட்டு நன்றாக வருகிறது. போனைச் சார்ஜில் போட்டதும் 'ஙொய்' என்று ஒரு சத்தம்; ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் ஏறுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், திருப்பூர்)

மாற்றாதீர்கள். எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறுவதால் சத்தத்தின் பிறப்பிடம் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் கருவி) என்பது சரி. ஆனால் அது பாட்டுக்குள் நுழைய நீங்கள்தான் பாதை போட்டிருக்கிறீர்கள். போனின் எர்த், சார்ஜர் வழியாக ஒரு தடவையும் ஆக்ஸ் கேபிள் வழியாக இன்னொரு தடவையும் காரின் பாடியைத் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன மின்னழுத்த வித்தியாசம் ஒரு வளையமாகச் சுற்றி, ஒலியோடு கலந்துவிடுகிறது. கிரவுண்ட் லூப் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

சோதனை எளிது. எஞ்சின் ஓடும்போது சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் நோய் இதுவே. பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு பாட்டு போட்டால் கூடுதல் செலவே இல்லை (பவர் பேங்கைக் காரில் செருகிவிட்டால் பழைய கதைதான்). நிரந்தரத் தீர்வு, 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சிறு டப்பா. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலி தாண்டும், எர்த் தாண்டாது. சார்ஜர் கம்பியில் அல்ல, ஆக்ஸ் கம்பியின் நடுவே போட வேண்டும். மிக மலிவானவை பேஸை (கனமான தாழ்ந்த ஒலியை) விழுங்கும் என்பதால் கடையிலேயே தவில், மிருதங்கம் உள்ள பாட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

ஆக்ஸைக் கழற்றிய பிறகும் சத்தம் வந்தால், ஸ்டீரியோவின் பின்னால் உள்ள கறுப்பு எர்த் கம்பியைச் சோதியுங்கள். பெயின்ட் மேல் திருகப்பட்டிருந்தால் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும்.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவைக் கார் ஏற்கவில்லை. பழைய 8 ஜிபி ஒன்று ஓடுகிறது, ஆனால் பாட்டுகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன, தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. (வாசகர், தஞ்சாவூர்)

கோப்புகளை அடுக்கிவைக்கப் பல முறைகள் உண்டு. 64 ஜிபி பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்-ஃபேட் முறையில் வரும். பல கார் ஸ்டீரியோக்களுக்குத் தெரிந்தது ஃபேட்-32 மட்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்-32-ஐக் காட்டாமல் இருக்கும். அதனால் 16 அல்லது 32 ஜிபி வாங்குவதே சுலபம். 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. 5 நிமிடப் பாட்டு என்றால் 16 ஜிபியில் ஏறக்குறைய 3,000 பாட்டு. ஊட்டிக்குப் பலமுறை போய் வரலாம்.

வரிசை குழம்பக் காரணம், சில ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்ப்பதில்லை. எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். பெயர்களின் முன் 001, 002 என்று எண் போட்டு, பென் டிரைவை ஃபார்மேட் செய்து, அதே வரிசையில் நகல் எடுங்கள். கட்டங்கள் தெரிவது, ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லாததால். கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினால் போதாது. பாட்டுக்குள் பதிந்திருக்கும் தலைப்பையும் மாற்றுங்கள்.

கேள்வி: கேசட் பிளேயர் மட்டும் உள்ள வண்டி. கேசட் அடாப்டரைப் போட்டால் உடனே வெளியே தள்ளுகிறது. (வாசகர், நாகர்கோவில்)

கேசட் அடாப்டர் என்பது போனோடு கம்பியால் இணையும் கேசட் வடிவக் கருவி. அதில் டேப் கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு காந்த ஹெட், பிளேயரின் ஹெட்டோடு ஒட்டி நின்று ஒலியைக் கடத்துகிறது. சக்கரம் சுற்றாவிட்டால், டேப் முடிந்துவிட்டது என்று பிளேயர் எண்ணிப் பக்கம் மாற்றும் அல்லது தள்ளிவிடும். அடாப்டரின் பற்சக்கரங்கள் இரண்டும் தடையின்றிச் சுற்றுகின்றனவா என்று விரலால் சுழற்றிப் பாருங்கள். ஒலி மந்தமாக இருந்தால் பிளேயர் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். அடாப்டரின் கம்பி, கேசட் போடும் கதவில் நசுங்காமல் வெளியே வர வேண்டும்.

கேள்வி: காரில் புளூடூத் இருக்கிறது, ஆனால் அழைப்புகள் மட்டும்தான் வருகின்றன. (வாசகர், சேலம்)

முதலில் போனில் அந்தக் காரின் பெயருக்குள் போய், 'மீடியா ஆடியோ' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் உங்கள் ஸ்டீரியோ அழைப்புக்காக மட்டும் செய்யப்பட்டது. ஆக்ஸ் துளை இருந்தால் அதில் செருகும் சிறு புளூடூத் ரிசீவர் போதும். பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடுவதை வாங்கினால் திருப்பூர் வாசகரின் 'ஙொய்' உங்களுக்கும் வந்துசேரும்.