பழைய சாமி படம், சிலை: ஏலத்தில் எடுக்குமுன் பார்க்க வேண்டியவை (வாசகர் கேள்வி–பதில்)

ஆன்லைன் ஏலம் ஒன்றில் ‘ரவிவர்மா ஒரிஜினல் லட்சுமி, 1900’ என்று ஒரு படம் வந்திருக்கிறது. நம்பி எடுக்கலாமா? – கோவை வாசகர்

‘ஒரிஜினல்’, ‘1900’ இரண்டையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். ரவிவர்மா கையால் தீட்டிய லட்சுமி வேறு. அதைப் பார்த்துக் கல்லில் எழுதி, வண்ணம் வண்ணமாக அடித்து, மேலே வார்னிஷ் பூசி விற்ற ஒலியோகிராஃப் வேறு. உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டாவது. அது ஆயிரக்கணக்கில் அடித்து விற்ற சரக்கு.

அந்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போனது. கடன் தாங்காமல் ரவிவர்மா அதை ஜெர்மன் அச்சுத் தொழிலாளி ஃப்ரிட்ஸ் ஷ்லைக்கரிடம் விற்றுவிட்டார். 1906இல் ரவிவர்மா மறைந்த பிறகும் அதே பெயரில் பல பத்தாண்டுகள் படங்கள் வந்துகொண்டே இருந்தன. எம்.வி. துரந்தர் போன்ற மற்ற ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. ஆகவே ஓரத்தில் ‘ரவிவர்மா பிரஸ்’ என்று இருப்பது அச்சகத்தின் பெயரைத்தான் சொல்கிறது. வரைந்தவரையும் சொல்வதில்லை, ஆண்டையும் சொல்வதில்லை. ‘ரவி உதயா’ என்று காதில் ஒன்றுபோல விழும் இன்னொரு அச்சகத்தின் படங்களும் சந்தையில் உண்டு. எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

பழைய அச்சா, நேற்று எடுத்த நகலா என்பதற்கு 10 மடங்கு லென்ஸ் போதும். சேலையின் அடர்ந்த சிவப்பைப் பார்க்காதீர்கள். கன்னம், முழங்கை, கழுத்தடி என நிழல் மெல்ல இறங்கும் இடத்தைப் பாருங்கள். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். நிழலுக்கான புள்ளிகளைக் கைவேலைக்காரர் வைத்திருப்பார். அதனால் அவை பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல் கிடக்கும். இளஞ்சிவப்பு, சாம்பல், வெளிர்நீலம் எல்லாம் தனித்தனி மையாகவே தெரியும். ஆஃப்செட் என்னும் இயந்திர அச்சில் எடுத்த நகலில் புள்ளிகள் அளந்து வைத்த இடைவெளியில் வரிசை கட்டி நிற்கும். இன்க்ஜெட் நகலில் புள்ளிகள் தெளித்தாற்போல் ஒழுங்கற்றுத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு தவிர வேறு மையே அநேகமாக இருக்காது.

பழைய அச்சில் ஒரு நிறம் கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் நகர்ந்திருப்பது சகஜம். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கித்தான் துணி போன்ற சொரசொரப்பை அழுத்தி எடுத்த படமென்றால் அந்தத் தடம் தாளின் பின்பக்கமும் தெரியும். நகலில் சொரசொரப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மட்டமாக இருப்பது தெரிந்துவிடும்.

பரவலாகக் கிடைக்கும் அளவு 20க்கு 14 அங்குலம். பழைய சட்டத்துக்குள் திணிக்க ஓரத்தை வெட்டியிருந்தால் தலைப்பும் அச்சகப் பெயரும் போயிருக்கும், விலையும் இறங்கும். ஏல நிறுவனத்திடம் பின்பக்கப் படத்தைக் கட்டாயம் கேளுங்கள். அந்தக் காலச் சட்டங்களில் முதுகுக்குச் சிறுசிறு பலகைகளை அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். இரண்டு பலகை சேரும் இடுக்கு வழியே காற்றும் தூசும் புகுந்து, தாளின் பின்புறம் நேர்கோடாகப் பழுப்பேறியிருக்கும். சில படங்களில் அந்தக் கோடு முன்பக்கமும் வந்துவிடும். தேநீர் ஊற்றிப் பழமையாக்கிய தாளில் பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். இப்படிக் கோடு விழாது.

எங்கள் வீட்டு சரஸ்வதி படத்தில் சேலைக்கு ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்திருக்கிறது. பிரித்தெடுத்தால் படத்துக்கு மதிப்புக் கூடுமா? – காரைக்குடி வாசகி

கை வைக்காதீர்கள். அந்தத் தையலும் அந்தக் காலத்து வேலைதான். அதற்காகவே தேடி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரித்தால் ஊசித் துளைகள்தான் மிஞ்சும். ஜரிகை கறுத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஈரம் வேண்டவே வேண்டாம், 1920, 30களின் சமிக்கிகளில் சில ஜெலட்டினால் ஆனவை, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

கையில் ஒரு லட்சம் இருக்கிறது. ஏலத்தில் எவ்வளவு வரை கேட்கலாம்? – சென்னை வாசகர்

75,000 வரை. மூன்று தரம் சொல்லி முடிக்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. அதன்மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனக்கென எடுக்கும் கட்டணமான பிரீமியம், பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி, பொருளுக்கு வரி, பிறகு பேக்கிங், கூரியர் எல்லாம் உண்டு. பிரீமியம் 20 சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பொருளுக்கு வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 75,000க்கு பிரீமியம் 15,000, அதற்கு வரி 2,700, பொருளுக்கு வரி 3,750. மொத்தம் 96,450. மீதி 3,550இல் கண்ணாடி போட்ட படம் உடையாமல் வந்து சேர வேண்டும். விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம், பொருளுக்குப் பொருள் மாறும். பதிவு செய்யும்போது ‘சம்மதம்’ என்று பொத்தானை அழுத்தும் அந்த நீண்ட விதிமுறையில்தான் எல்லாம் இருக்கும். படித்துவிட்டு அழுத்துங்கள்.

பொருளின் நிலை பற்றிய அறிக்கையை ஏலத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ‘உள்ளது உள்ளபடி’ விற்கிறோம் என்பதுதான் பொதுவான நிபந்தனை. எடுத்த பிறகு பூச்சி அரித்திருக்கிறது என்று திருப்பித் தர முடியாது. ஆன்லைன் ஏலங்களில் கடைசி நிமிடம் கேட்டு அடித்துவிடலாம் என்ற திட்டம் பெரும்பாலும் பலிக்காது. கடைசியில் யாராவது கேட்டால் நேரம் தானாகவே நீளும். உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போவதே நல்லது.

‘150 ஆண்டுப் பழமையான தஞ்சாவூர் கிருஷ்ணர்’ என்று ஒரு ஓவியம். வயதை எப்படிச் சரிபார்ப்பது? – திருச்சி வாசகர்

சட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். செட்டிநாட்டுப் பழைய தேக்குச் சட்டத்தில் புது ஓவியத்தைப் பொருத்தி விற்பதுதான் இந்தச் சந்தையில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று. சட்டத்தைக் கழற்றி, பலகையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். பழையதில் பலாப்பலகையோ தேக்கோ, அதன்மேல் ஒட்டிய துணி, துணிமேல் சுண்ணப் பூச்சு என்று அடுக்கு தெரியும். விளிம்பில் பிளைவுட்டின் அடுக்குக் கோடுகள் தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது.

பிறகு தங்கரேக்கு. அசல் தங்கம் பச்சை பிடிக்காது. மக்கு வேலையின் (சுண்ணக் குழம்பால் மேடாக எழுப்பிய வேலை) மேட்டில் ரேக்கு தேய்ந்து அடியில் உள்ள பூச்சு தெரிவது இயல்பு. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு அழுக்கு இருந்தால் புகை பிடித்தோ சாயம் தடவியோ பழமை ஏற்றியிருக்கிறார்கள். புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பின்னால் தொட்டு வரைந்த இடங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும். பெரிய தொகை என்றால், நிறத்தில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-ரே ஒளிர்வுச் சோதனை கேட்கலாம். ஓவியத்தைச் சுரண்டாமலே செய்துவிடலாம். வெள்ளை நிறத்தில் டைட்டானியம் வந்தால், அந்த வெள்ளை 1920களை ஒட்டித்தான் சந்தைக்கு வந்தது. கிருஷ்ணரின் முகமே டைட்டானியம் வெள்ளை என்றால் 150 ஆண்டு பொய். ஓரத்தில் ஒரு திட்டில் மட்டும் என்றால் பின்னாளில் செய்த பழுதுபார்ப்பாக இருக்கலாம். அதனால் குறைந்தது நாலைந்து இடங்களில் சோதிக்கச் சொல்லுங்கள்.

வயது உண்மையென்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு தாண்டிய ஓவியம் தொல்பொருள். விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும், ஓவியம் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவாகியிருக்க வேண்டும், கைமாறும்போது அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்றின் எண்ணும் படமும் கையில் உள்ள பொருளோடு பொருந்துகிறதா பாருங்கள். ‘150 ஆண்டு’ என்று விளம்பரம் செய்துவிட்டு, சான்று கேட்டதும் ‘அவ்வளவு பழசு இல்லை சார்’ என்று இறங்குபவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டு ஏலத்தில் சோழர் பாணி உலோகச் சிலை ஒன்று விலை குறைவாக வருகிறது. ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிக் கோயிலுக்குக் கொடுக்க நினைக்கிறேன். – துபாயிலிருந்து ஒரு வாசகர்

எண்ணம் நல்லது. ஆனால் அப்படி வாங்காதீர்கள். அது கோயிலிலிருந்து போன சிலையாக இருந்தால், உங்கள் பணம் திருட்டுச் சரக்குக்குக் கிடைத்த விலையாகிவிடும். நாளை சிலை திரும்பும்போது பணமும் போகும்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்து திருமங்கை ஆழ்வார் சிலையைப் பாருங்கள். 1967இல் சோதபிஸ் ஏலத்தில் பகிரங்கமாக எடுத்தது, ரசீது எல்லாம் சரி. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில், 1957இல் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் எடுத்த புகைப்படத்தில் அதே ஆழ்வார் நிற்கிறார். 2024இல் பல்கலைக்கழகம் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. பழைய ஏல ரசீது, விற்றவருக்கு உரிமை இருந்தது என்பதற்குச் சான்றாகாது. தமிழகத்துப் பத்தூர் கோயிலின் நடராஜர் லண்டனில் பிடிபட்ட வழக்கில் அங்குள்ள நீதிமன்றம் கோயிலையே வழக்காடும் தரப்பாக ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராஜர் ஊர் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கிய ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2014இல் திருப்பித் தந்தது.

சிலையிலேயே சில அடையாளங்கள் உண்டு. பீடத்தில் தண்டு செருகும் துளையோ வளையமோ இருந்தால் அவர் வீதியுலா போன உற்சவர். கண்ணும் மூக்கும் மழுங்கியிருந்தால் பல தலைமுறை அபிஷேகம் கண்டவர். பீடத்தில் எழுத்து இருக்க வேண்டிய இடம் அரம் போட்டதுபோல வழவழவென்று இருந்தால், ஊர்ப் பெயரை யாரோ அழித்திருக்கிறார்கள். பச்சைக் களிம்பும் மண்ணும் ஒட்டியிருந்தால் புதையலாக இருக்கலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஏல நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்: இந்தியாவை விட்டு எந்த ஆண்டு போனது, என்ன ஆவணத்தில், தேதி போட்ட மிகப் பழைய புகைப்படம் எது? திருட்டுப் பொருள் பட்டியலில் தேடிப் பார்த்து ‘சிக்கல் இல்லை’ என்று தந்த சான்றிதழைக் காட்டுவார்கள். புகார் பதிவான சிலைதான் அந்தப் பட்டியலில் இருக்கும். பூட்டிக் கிடக்கும் கிராமக் கோயிலில் காணாமல் போனது பல சமயம் யாருக்குமே தெரியாது. ஐயம் இருந்தால் ஏலப் பக்கத்தைப் படமெடுத்து, லாட் எண்ணோடு (ஏலப் பட்டியலில் பொருளுக்குள்ள எண்) தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். கோயிலுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய கைங்கர்யம் அது. வீட்டுப் பூஜைக்குச் சிலை வேண்டுமென்றால் சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் புதிதாகச் செய்து தருகிறார்கள்.

சென்னை ஏலத்தில் எடுத்த படத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டு போகலாமா? – சிங்கப்பூர் வாசகி

100 ஆண்டு தாண்டியது என்றால் முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. ரவிவர்மா கையால் வரைந்தவை வயது எதுவானாலும் 1979 முதல் கலைச் செல்வங்கள். நாட்டை விட்டுப் போகாது. வயது குறைந்த அச்சுப் படமானாலும் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் வாதாட நேரம் இருக்காது. உங்களுக்கு எளிய வழி ஐரோப்பிய ஏலங்கள். கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோ, புனே சித்திரசாலா, ஜெர்மனியில் அடித்து இந்தியாவுக்கு வந்த சாமி படங்கள் எல்லாம் அங்கே வருகின்றன. சிங்கப்பூரில் இறக்கும்போது 9 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கில் சேருங்கள்.

எடுத்த படத்துக்குச் சட்டம் போட என்ன சொல்ல வேண்டும்? – மதுரை வாசகர்

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. வார்னிஷ் பூசிய படம் நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். அமிலமில்லாத மவுண்ட் அட்டையால் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி கொடுக்கச் சொல்லுங்கள். முதுகுக்கு ஹார்ட்போர்டை நேரடியாக வைக்க விடாதீர்கள், நடுவில் அமிலமில்லாத அட்டை வேண்டும். செலோடேப், ஃபெவிகால் இரண்டும் கூடாது. லேமினேஷன் செய்தால் படம் செத்தது. ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிப்போன படமென்றால் கடைக்காரரைப் பிரிக்க விடாமல், தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கண்ணாடியோடு கொடுங்கள். சுவரில் மாட்டும்போது மழை நனைக்கும் வெளிச்சுவரைத் தவிருங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றோடும், வெள்ளிப்பூச்சி வருவது குறையும்.

கொண்டையராஜு காலண்டர் படங்கள் சேகரிக்கத் தகுந்தவையா? – கோவில்பட்டி வாசகர்

நிச்சயமாக. உங்கள் ஊரில் இருந்து வரைந்தவர் கொண்டையராஜு (1898–1976). அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான முருகனும் மீனாட்சி கல்யாணமும்தான் இரண்டு தலைமுறைத் தமிழ் வீடுகளின் பூஜை அறை. விலை இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது, பெரும்பாலானவை 100 ஆண்டுக்கு உட்பட்டவை என்பதால் சட்டச் சிக்கலும் குறைவு. இவை பெரும்பாலும் ஆஃப்செட் அச்சு. லென்ஸில் வரிசைப் புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். பழைய அச்சையும் மறு அச்சையும் பிரித்துக் காட்டுவது தாளும், ஓரத்து அச்சகப் பெயரும், கீழே உள்ள கடை விளம்பரமும்தான். மளிகைக் கடைப் பெயரும் ஆண்டும் போட்ட அந்தக் கீழ்ப்பட்டையையும், மேலே உள்ள தகரப் பட்டையையும் வெட்டாமல் வைத்திருங்கள். தேதித்தாள் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, ஆண்டுக்கு அதைவிடச் சாட்சி கிடையாது.