மூன்று பிள்ளைக்கு ஒரு அன்ரி
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய டேகெயார் நடத்துகிறேன். ஒரு வயதுக்குட்பட்டவர்கள் நாலு பேர், இரண்டரை வயது வரை ஐந்து பேர். மூன்று அன்ரிமாரில் ஒருவர் பம்பர்ஸ் மாற்றுவார், ஒருவர் சாப்பாடு கொடுப்பார், மற்றவர் நித்திரையாக்குவார். இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினேன், ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளைகள் ஓயாமல் அழுகிறார்கள். இந்த அன்ரிமாரை எப்படிப் பழக்குவது?

பதில்: அன்ரிமாரில் பிழை சொல்ல முடியாது. வேலை பிரித்த முறைதான் பிழை. நாள் முழுக்கக் கை மாறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு யாரை நம்புவதென்று தெரியாது. எந்த அழுகை பசி, எது நித்திரை என்று அன்ரிக்கும் பிடிபடாது. நாளைக்கே பிள்ளைகளை ஆளுக்கு மூவராகப் பிரித்துக் கொடுங்கள். அந்த மூவருக்கும் பால், பம்பர்ஸ், நித்திரை எல்லாம் அவரே பார்க்கட்டும். கைக்குழந்தைகள் நால்வரையும் ஒருவர் தலையில் கட்டாமல், ஒருவருக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று என்று பங்கிடுங்கள். ஒரு அன்ரி லீவு எடுக்கும் நாளுக்கு, அவரது பிள்ளைகளுக்கு நன்கு பழகிய இன்னொரு அன்ரியையும் முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். கலிபோர்னியாவில் 1985இல் தொடங்கிய குழந்தைப் பராமரிப்பாளர் பயிற்சித் திட்டம் வற்புறுத்துவதும் இதைத்தான்: ஒரு பிள்ளைக்கு ஒரு முதன்மைப் பராமரிப்பாளர், சிறிய குழு. கைக்குழந்தைகளென்றால் மூவருக்கு ஒருவர், ஒரு குழுவில் ஆறு பேர் என்பது அத்திட்டம் சொல்லும் அளவு. உங்களிடம் ஒன்பதும் ஒரே ஹோலில் என்றால், இடுப்பளவு அலுமாரியை ஆடாமல் திருகாணி போட்டு நிறுத்தி, ஆறும் மூன்றுமாக மறித்துவிடுங்கள். சத்தம் குறைந்தாலே பாதி அழுகை குறையும்.

இனிப் பயிற்சி. வகுப்பில் கேட்டது கைக்கு வராது. கிழமைக்கு ஒரு விடயம் எடுங்கள், முதல் கிழமை பம்பர்ஸ் மாற்றுவது மட்டும். பிள்ளையைத் தூக்குமுன் புதுப் பம்பர்ஸ், ஈரத் துணி, கிறீம், கழிவுப் பை நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மறந்த கிறீமை எடுக்கத் திரும்பும் அந்த நொடியில்தான் ஐந்து மாதப் பிள்ளை முதன்முறையாகப் புரளும். ஆகவே ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல். முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். முடிந்ததும் மேசையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கின் மேல் தெளித்தால் அது சரியாக வேலை செய்யாது. கடைசியாகப் பிள்ளையின் கையும் அன்ரியின் கையும் 20 செக்கன் கழுவப்பட வேண்டும், குசினி சிங்கில் வேண்டாம்.

இது பாதிதான். “காலைத் தூக்கப் போறன், செல்லம்” என்று பிள்ளையிடம் சொல்லி இரண்டு செக்கன் பொறுக்க அன்ரிக்குச் சொல்லுங்கள். சில கிழமையில் பிள்ளை தானே காலைத் தூக்கித் தரும். ஹங்கேரியக் குழந்தை மருத்துவர் எமி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் தாதிமாரை இப்படித்தான் பழக்கினார்.

ஒவ்வொரு விடயத்தையும் முதலில் பொம்மையில், பிறகு நீங்கள் செய்ய அன்ரி பார்க்க, அதன்பின் அவர் செய்ய நீங்கள் பார்க்க. தாளில் இரண்டே விடயம் குறியுங்கள்: தொடுமுன் என்ன சொன்னார், கை எப்போது விலகியது. மதியம் பிள்ளைகள் படுத்ததும், ஒருவர் காவலிருக்க, 20 நிமிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். பெற்றோர் முன்னால் திருத்த வேண்டாம். திருத்தினால் அடுத்த நாளே பிழையை மறைக்கப் பழகிவிடுவார். புரையேறினால் என்ன செய்வது என்பதை நீங்கள் கற்பிக்க வேண்டாம், அதை மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியில் மூவரும் பழகட்டும். றம்புட்டானும் கச்சானும் உங்கள் வாசலுக்குள் வரவே கூடாது.

கேள்வி: கொட்டாஞ்சேனை டேகெயாரில் ஏழு மாத மகனை மல்லாத்திப் படுக்க வைக்கிறார்கள், தலையணையும் தருவதில்லை. வீட்டில் அம்மம்மா ஏணையில் குப்புறக் கிடத்துவார். எது சரி?

பதில்: டேகெயார் செய்வது சரி. குப்புறக் கிடக்கும் குழந்தைக்கு மூச்சுத் தடைப்பட்டு இறக்கும் ஆபத்து கூட. ஒரு வயதாகும் வரை கடினமான சமதளத்தில் மல்லாத்தியே கிடத்த வேண்டும், தானாகப் புரண்டால் விட்டுவிடலாம். வளையும் ஏணையில் தாடை நெஞ்சில் படிந்து மூச்சுக்குழாய் மடங்கும். இது வீட்டுக்கும் பொருந்தும், அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் டேகெயாரில் ஒன்று கேளுங்கள்: பகல் நித்திரைக்கு நுளம்பு வலை உண்டா? டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். வலை இழுத்துக் கட்டப்பட்டு, பிள்ளையின் மேல் தொங்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் தாய்ப்பால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பழுதாகுமா?

பதில்: கறந்த பால் வெளியில் 4 மணித்தியாலம் இருக்கும் என்ற கணக்கு 25 பாகை வரைதான், கொழும்பு வெயிலுக்கு அது ஆகாது. ஐஸ் பொதியுள்ள பையில் வைத்து, போத்தலில் பெயரும் கறந்த திகதியும் எழுதி, போனவுடன் பிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். நாலு நாள் வரை இருக்கும். சூடாக்குவது சுடுதண்ணீர்க் கோப்பையில்தான். மைக்ரோவேவில் பால் சீராகச் சூடாகாமல் பிள்ளையின் வாய் வெந்துவிடும். குடித்து மிஞ்சியதை 2 மணித்தியாலத்துக்குப் பின் வெளியே கொட்டிவிட வேண்டும்.

கேள்வி: அன்ரிக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். மகளுக்கு ஒன்றரை வயது, தமிழ்தான் பேசுகிறாள். என்ன செய்வது?

பதில்: வீட்டில் மகள் சொல்லும் பத்துச் சொற்களை அன்ரி வாசிக்கும்படி சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுங்கள். சோச்சி, தண்ணி, தூக்கு, நோகுது, அம்மா போன்றவை. பம்பர்ஸ் மேசைக்கு மேலே ஒட்டிவிடச் சொல்லுங்கள், அவர் ஒரு நாளைக்குப் பலமுறை நிற்கும் இடம் அது.