அழுகிய தேங்காய் அபசகுனமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

போன வாரம் எங்கள் கிரகப்பிரவேசத்தில் உடைத்த தேங்காய் அழுகியிருந்தது. அன்றிலிருந்து என் மாமியாருக்கு மனசே சரியில்லை. பரிகாரம் செய்தே ஆகவேண்டும் என்கிறார். இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? தேங்காயின் மூன்று கண்கள் எதைக் குறிக்கின்றன? இன்னொன்று: என் தம்பி வரும் கார்த்திகையில், சபரிமலைக்கு முதல்முறை போகும் கன்னிச்சாமியாக மாலை போடுகிறான். நெய்த்தேங்காய் வழியில் ஒழுகாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

– ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

பரிகாரம் எதுவும் வேண்டாம். அந்தக் காய் உங்கள் வீட்டுக்கு வரும்போதே அழுகித்தான் வந்திருக்கிறது. கோயிலில் காய் அழுகியிருந்தால் அர்ச்சகர் அதை ஒதுக்கிவிட்டு வேறு காயை உடைத்து நிவேதனம் செய்வார். வீட்டிலும் அவ்வளவுதான் முறை. இதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். நல்ல நாளில் ஒரு பெரியவர் இப்படி மனம் வெதும்புவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காய் ஏன் அழுகுகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மூன்று கண்களில் ஒன்றுதான் மெல்லியது. முளைக்கரு இருப்பது அதன் பின்னால். முளை வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். மற்ற இரண்டும் கெட்டியாக அடைபட்டவை. குடுமி அந்த மெல்லிய கண்ணுக்குக் காவல். குடுமியைப் பிய்த்துப்போட்ட காயில் கண் வறண்டு, பூஞ்சை உள்ளே புக இடம் கிடைக்கிறது. அப்படிக் கெட்ட காயில் பருப்பு முதலில் கண்ணை ஒட்டித்தான் மஞ்சளிக்கும். மட்டை உரிக்கும்போது கடப்பாரை முனை ஓட்டில் பட்டு மயிரிழை விரிசல் விழுவதும் உண்டு. வெயிலிலோ ஏசி அறையிலோ வைத்த காய் சட்டென்று உலர்ந்து தானாகவே விரியும்.

அதனால் வாங்கும்போதே பாருங்கள். காதருகே ஆட்டினால் நீர் தளும்ப வேண்டும். சத்தமே இல்லை, ஆனால் கனமாக இருக்கிறது என்றால் இளங்காய். நீர் முட்ட இருப்பதால் தளும்ப இடமில்லை. கனமும் இல்லை என்றால் நீர் கசிந்துபோன காய். நாணயத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். குடுமியை லேசாக விலக்கிக் கண்ணை மோந்து பாருங்கள். ஈரமோ, வெள்ளைப் பூசணமோ, புளித்த வாடையோ இருந்தால் வேறு எடுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒன்று தப்பலாம். விசேஷத்துக்கு ஒரு காய் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

உள்ளே பூ இருந்தால் மட்டும் நல்ல சகுனம் என்று கொண்டாடுகிறோம். முற்றிய காய் ஈரக்காற்றில் கிடந்து முளைக்கத் தொடங்கும்போது, உணவை உறிஞ்ச முளை உள்ளே வளர்க்கும் பஞ்சுதான் அந்தப் பூ. அதற்கும் காரணம் காயின் வயதும் அது கிடந்த இடமும்தான்.

கண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிவனின் முக்கண் என்பது எல்லோரும் அறிந்த விளக்கம். எனக்கு அதைவிடப் பிடித்தது, முழுக்காய்க்கும் சைவர்கள் சொல்லும் மும்மல விளக்கம். மும்மலம் என்பது உயிரைக் கட்டிப்போடும் மூன்று அழுக்குகள். மட்டை மாயை, நார் கன்மம், ஓடு ஆணவம், உள்ளே இருக்கும் வெண்மை பேரின்பம். கை செய்யும் வேலையின் வரிசையும் இதுவே: மட்டையை உரிக்கிறோம், நாரைச் சுரண்டுகிறோம், கடைசியில் ஓட்டை உடைக்கிறோம். அர்ச்சனைக் காயை நனைத்து, குறுக்குவாட்டில் நடுவில் அடித்தால் இரண்டு மூடியும் சமமாக வரும். உடைத்த பிறகுதான் குடுமியை எடுக்க வேண்டும்.

ஆனால் தேங்காய்க்கு ஒரே அர்த்தம் என்று நினைக்க வேண்டாம். கையாளும் விதம் மாறினால் பொருளும் மாறும். கும்பத்தில் வைக்கும் காயை உடைப்பதில்லை, குடுமியோடு வைக்கிறோம். அங்கே குடம் உடல், சுற்றிய நூல் நாடிகள், நீர் இரத்தம், தேங்காய் தலை. பிள்ளையாருக்குப் போடும் சிதறுகாயில் நமக்கென்று மூடி எதுவும் திரும்பி வராது. அதைப் பொறுக்கும் குழந்தைகளை விரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தச் சில்லுகள் அவர்களுடையவை.

இனி தம்பியின் நெய்த்தேங்காய். நன்றாக முற்றிய காயாக எடுத்து, நாரை முழுக்கச் சுரண்டி உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். இருமுடி கட்டும் அன்றைக்கே மெல்லிய கண்ணைத் துளைத்து நீரை வடித்து, சொட்டு நிற்கும்வரை கவிழ்த்து வையுங்கள். முந்தைய நாளே துளைத்தால் உள்ளே புளித்துவிடும். நீர் மிச்சமிருந்தால் நெய் கெடும். நெய்யை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஊற்ற வேண்டும். காயின் அளவைப் பொறுத்து 150 முதல் 200 மில்லி வரை பிடிக்கும். வாய்வரை நிரப்பாமல் அரை விரல் இடம் விடச் சொல்லுங்கள். இரவில் உறைந்த நெய் பகல் வெயிலில் உருகி விரியும்போது கார்க்கை வெளியே தள்ளுகிறது. வழியில் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மற்றொன்று, கண்ணின் விளிம்பில் நெய்ப்பசை இருப்பது. அதைத் துணியால் சுத்தமாகத் துடைத்த பிறகே கார்க்கை அழுத்தி, அதன்மேல் நனைத்த அப்பளத்தைப் பிசைந்து ஒட்ட வேண்டும். ஒட்டியது காய்ந்ததும் பத்து நிமிடம் காகிதத்தின் மேல் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் பிரித்து மறுபடி அடையுங்கள்.

சன்னிதானத்தில் காயை உடைத்து நெய்யை ஐயப்பனின் அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மூடியை ஆழி என்னும் தீக்குண்டத்தில் போடுவார்கள். நெய் ஜீவன், ஓடு உடல் என்பது அங்கே வழங்கும் விளக்கம். குளிரில் நெய் ஓட்டோடு உறைந்து ஒட்டியிருக்கும் என்பதால், வழித்தெடுக்க ஒரு கரண்டியும் வாயகன்ற பாத்திரமும் தம்பி கையோடு கொண்டுபோகட்டும்.