கேப்டன் ஆன மகளும் கணபதிப் பட்டறையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் தாங்கள், பதினோராம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகள் பள்ளி ரோபோட்டிக்ஸ் அணியின் கேப்டனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூலை மாதத்திலிருந்து வீட்டில் நிம்மதியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பு கெட்டுவிடுமோ என்பது முதல் கவலை. அணிக்குள் பணக் கணக்கு குறித்துச் சச்சரவு எழுந்து இரண்டு மாணவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது இரண்டாவது கவலை. மூன்றாவதைக் கவலை என்று சொல்லாமல் மனத்தாங்கலாகவே எழுதியிருக்கிறீர்கள்: "ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து நானே கடைஞ்சு குடுத்த வீல் ஹப்பை எங்க பாப்பாவே வேண்டாம்னு திருப்பிக் கொண்டாந்துட்டா." சக்கரத்தை மோட்டாரின் தண்டோடு இணைக்கும் பாகமான அந்த ஹப் பற்றிய மூன்றாவது விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் வழி பிறக்கும் என்று எனக்குத் தோன்றுவதால், அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

மதிப்பெண் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்குமாகக் கணக்கிடப்பட்டு, மொத்தம் 200க்கு எடுக்கும் கட்-ஆஃப் மட்டுமே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ரோபோட்டிக்ஸ் கோப்பைக்கு அதில் அரை மதிப்பெண் கூடக் கிடையாது, ஜே.இ.இ. தேர்விலும் அப்படித்தான். சான்றிதழைக் காட்டினால் சீட்டு கிடைக்கும் என்று யாராவது சொல்லிக் கட்டணம் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். அணியால் கிடைக்கும் பயன் வேறு வகையானது: டிராயிங்கோடு உட்காருவது தனக்குப் பிடிக்கிறதா, வயரிங்கா, புரோகிராமா, ஆட்களை ஒருங்கிணைப்பதா என்பது ஒரு பிள்ளைக்குப் பதினேழு வயதுக்குள் தெரிந்துவிடுகிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ரோபோட்டிக்ஸ் அண்டு ஆட்டோமேஷன் பட்டப்படிப்பும், பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸும் இருக்கின்றன. ஆனால் அணியில் இருந்த காரணத்தாலேயே அவற்றில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் அணியில் கணக்கு எழுதிய பையன் பி.காம். சேர்ந்து சி.ஏ. படிக்கப் போனான். அவனுடைய அப்பாவுக்கு வருத்தம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்தில் இரண்டு மாலைகளும் சனிக்கிழமை அரை நாளும் போதும். மாலை ஆறரைக்கு மேல் யாரும் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்பதை அணியே விதியாக எழுதி வைத்துக்கொண்டால், பெண்பிள்ளை எப்போது வீடு திரும்புவாள் என்று நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேப்டன் பொறுப்பு பதினோராம் வகுப்போடு முடிய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஜூனில் அதை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்டால் மட்டும் ஆலோசனை சொல்லும் மூத்தவராக அவள் இருந்துகொள்ளலாம். மார்ச் மாதப் பொதுத் தேர்வைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பொறுப்புகளைச் சுமப்பது எந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல.

இனி அந்த ஹப்புக்கு வருகிறேன். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த அணியின் தீர்மானப் புத்தகப் பக்கத்தின் படத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு மில்லிமீட்டர் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) உள்ள கியர் மோட்டாருக்கு, 3டி பிரிண்டரில் அடித்த ஹப்பையே பயன்படுத்துவது, உடைந்தால் பத்து நிமிடத்தில் மாற்றும் வகையில் ஆறு உதிரிகளைக் கையிருப்பில் வைப்பது என்று பதினோரு பேர் கையெழுத்திட்டுத் தீர்மானித்திருக்கிறார்கள். நீங்கள் அலுமினியத்தில் கடைந்து கொடுத்தது அதைவிடப் பல மடங்கு உறுதியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுடைய ஹப்பில் ஷாஃப்டின் தட்டையான பக்கத்துக்கு ஏற்ற வெட்டு இல்லை. டைட் ஃபிட்டாக ஏற்றியிருக்கிறீர்கள். போட்டி நாளில் அதைக் கழற்ற வேண்டுமென்றால் இழுத்துக் கழற்றும் புல்லர் கருவி வேண்டும், அதைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும். அந்தக் கை உங்களுடையது. அது களத்துக்குள் நுழைய முடியாது.

இது வெறும் நெறிமுறைப் பேச்சு அல்ல, போட்டிகளின் அமைப்பே அப்படி. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச ரோபோ போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சை எடுத்துக்கொண்டால், ஓர் அணியில் அதிகபட்சம் 15 மாணவர்கள் இருக்கலாம். பெரியவர்கள் பயிற்சியாளர்களாக உடனிருப்பார்கள். ஆட்டத்தில் முதல் 30 விநாடிகள் ரோபோ தானாக இயங்க வேண்டும், அதன் பிறகு இரண்டு நிமிடங்கள் மாணவர்கள் கட்டுப்பாட்டுக் கருவியால் ஓட்ட வேண்டும். நடுவர்கள் மாணவர்களிடம்தான் பேசுவார்கள். இந்தக் கியர் விகிதத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இதற்கு முன்பு எது சரிவரவில்லை என்று கேட்பார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் கொண்ட உலக ரோபோ ஒலிம்பியாட் அணிகளுக்கும் வேலை செய்ய வேண்டியவர்கள் மாணவர்களே என்ற விதி உண்டு. "அப்பா செய்து கொடுத்தார்" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

ஆகவே தங்கள் மகள் தங்களை அவமதித்துவிட்டாள் என்று எண்ணாதீர்கள். அணி எடுத்த முடிவைக் கேப்டன் தன் வீட்டுச் செல்வாக்கால் மாற்றினால், மறுநாளே வேறொருவரின் அப்பா வேறொரு பாகத்தோடு வந்து நிற்பார் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. நம் ஊரில் இது சாதாரண ஆபத்து அல்ல. பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இரண்டு வீட்டுக்கு ஒருவர் மோட்டார், பம்ப், கிரைண்டர் தொழிலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவராக இருக்கிறார். பிள்ளைகளின் ரோபோவைப் பட்டறைகளே செய்து முடித்துவிடும் அளவுக்கு இங்கே தொழில்திறன் கொட்டிக் கிடக்கிறது. திறமை குறைவான ஊரில் மாணவர் அணி நடத்துவதை விட இங்கே நடத்துவது சில சமயம் கடினம்.

தாங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பம்ப் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து "அதே மாதிரி ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று வாயால் சொன்னால் நீங்கள் ஜாப் எடுப்பீர்களா? டிராயிங் கேட்பீர்கள், மெட்டீரியல் கேட்பீர்கள், அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற டாலரன்ஸ் கேட்பீர்கள். மகளின் அணியையும் அப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளராகவே நடத்துங்கள். டிராயிங்கில் எண், தேதி, வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் கையெழுத்து ஆகியவை இருந்தால் மட்டுமே லேத்தைப் போடுங்கள். அளவு தவறாகத் தோன்றினால் கேளுங்கள். கேட்ட பிறகும் அதையே வேண்டுமென்றால், அதையே கடைந்து கொடுங்கள். பொருந்தாத ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னியரில் மறுபடி மறுபடி அளந்து பார்க்கும் அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளைகள் கற்பதை எந்தப் பயிற்சி வகுப்பாலும் கற்பிக்க முடியாது. வேலை முடிந்ததும் பில் ஒன்றும் கொடுங்கள்: மெட்டீரியல் இவ்வளவு, மெஷின் நேரம் இவ்வளவு என்று சரியான தொகையைப் போட்டு, கீழே "நன்கொடை" என்று எழுதிவிடுங்கள். இலவசமாகக் கிடைத்த பொருளின் விலை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணச் சச்சரவைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, பெருமைப்படும்படியானது அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளி அணிக்கு நான் வழிகாட்டியாக இருந்தபோது, பிள்ளைகளுக்கு ஏன் சிரமம் என்று பணத்தை நானே வைத்துக்கொண்டு, கடைக்குப் போன பையன்கள் கொடுத்த பில்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒருநாள் அந்தச் சட்டை துவைக்கப் போய்விட்டது. 2,300 ரூபாய்க்குக் கணக்கு இல்லை. என்னிடம் கேட்கத் தயங்கிய பெற்றோர், கடைக்குப் போன பையனைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் என் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டினேன், விளக்கமும் சொன்னேன். ஆனால் அவன் அதன் பிறகு அணிக்குத் திரும்பவே இல்லை.

தங்கள் மகளின் அணியில் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து 18,000 ரூபாய் கொடுத்திருக்கின்றன. மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையான மோட்டார் டிரைவர் வாங்கிய பில்லை அந்த இரண்டு மாணவர்கள் கேட்டது சந்தேகத்தால் அல்ல, உரிமையால். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டதுதான் கேப்டனின் பிழை. கேள்வி தனிப்பட்டவரை நோக்கி வராதபடி அமைப்பை வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து. நம் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இது நெடுநாளாக நடந்துவருகிறது: ஊக்குநர், பிரதிநிதி என்று இருவர் கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும், எடுத்ததும் செலவழித்ததும் கூட்டத்தில் வாசிக்கப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அதையே இங்கும் செய்யலாம். பணம் பள்ளிக் கணக்கில் இருக்கட்டும். பொருள் வேண்டும் என்று எழுதிக் கேட்பவர் ஒருவர், கடைக்குப் போய் வாங்குபவர் இன்னொருவர், கணக்கில் ஏற்றுபவர் மூன்றாமவர். கேப்டன் இந்த மூவரில் ஒருவராக இருக்கக் கூடாது. ஐந்நூறு ரூபாய் வரை பிரிவுத் தலைவர் முடிவெடுக்கலாம், அதற்கு மேல் கூட்டம்தான் முடிவெடுக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் முதல் வேலையாக இருப்புத் தொகையை வாசிக்க வேண்டும்.

விலகிய இருவரையும் கூப்பிட்டு, மன்னிப்பு எதுவும் கேட்கச் சொல்லாமல், முதல் பொருளாகக் கணக்கை வாசித்துக் காட்டட்டும். அழைக்க வேண்டியவள் தங்கள் மகள். அந்தப் பையன்களின் அப்பாக்களைத் தொழில் முறையில் தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களுக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம்.

அணியின் மற்ற விதிகளை அவர்களே எழுதிக்கொள்வார்கள், இருந்தாலும் நான் வற்புறுத்துபவை சில உண்டு. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், புரோகிராமிங், ஆவணம் என்று பிரித்த பிறகு, அந்தந்தப் பிரிவின் முடிவு அந்தந்தப் பிரிவுக்கே உரியது. ஒரு பிரிவின் வேலை இன்னொன்றின் மீது இடிக்கும் இடங்களை, அதாவது மொத்த எடை, பேட்டரி வைக்கும் இடம், எந்த வயர் எந்த வழியாகப் போகிறது போன்றவற்றை, கூட்டுக் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். கருத்து வேறுபாடு நீடித்தால் இரண்டு யோசனைகளையும் இரண்டு நாளில் செய்து பார்த்து அளக்கட்டும். அப்போதும் தீரவில்லை என்றால் கேப்டன் ஒன்றைத் தேர்ந்து, காரணத்தை எழுதி வைக்கட்டும். மிகச் சிறந்த புரோகிராமரைக் கேப்டனாக்குவது பெரும்பாலும் தவறான முடிவு என்பது என் எண்ணம். அணிக்கு ஒரு கேப்டன் கிடைக்கிறார், ஒரு புரோகிராமர் காணாமல் போகிறார்.

ரோபோவை யார் ஓட்டுவது என்பதில்தான் நட்பே முறியும். கீழ்பவானிப் பாசனத்தில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறையும் இரட்டைப்படை மதகுக்கு மறுமுறையும் தண்ணீர் விடுவதுபோல, பயிற்சி நேரத்தை விருப்பமுள்ள எல்லோருக்கும் முறை வைத்துப் பகிர வேண்டும். போட்டிக்கு யார் என்பதை, ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒரே வேலையைப் பத்து முறை செய்யச் சொல்லி முடிவு செய்ய வேண்டும்.

வாக்கெடுப்புக்கே இடமில்லாத விஷயமும் ஒன்று உண்டு. லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் கெட்டுவிடும், உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கக்கூடும். எல்லா செல்களையும் சம அளவில் ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் இல்லாமலும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமலும் சார்ஜ் போடக் கூடாது. அருகில் மணல் வாளி இருக்க வேண்டும். பாதுகாப்பு, பணம், பள்ளி விதி ஆகிய மூன்றில் மட்டும் பொறுப்பாசிரியர் சொல்வதே இறுதி. சக்கரம் எத்தனை என்பதில் அவர் கருத்து மற்றவர்களின் கருத்தைப் போன்ற ஒரு கருத்துதான்.

மகளின் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது அது. இருந்தும் சாவி ஒருவரிடமே இருப்பதால் பூட்டியே கிடக்கும் ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன். சாவிப் பதிவேடு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். புரோகிராம் ஒரே ஒருவரின் மடிக்கணினியில் இல்லாமல், இணையத்தில் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் போன்ற பொது இடத்தில், இருவருக்குக் கடவுச்சொல் தெரிந்த கணக்கில் இருக்கட்டும். பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ரோபோவை முழுக்கக் கழற்றி, மூத்தவர்கள் கை வைக்காமல், குறிப்பேட்டைப் பார்த்தே திரும்ப மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு நாள் வைத்தால், குறிப்பேட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

தங்கள் ஹப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிண்ட் ஹப்புகள் இரண்டு மூன்று விரிசல் விட்ட பிறகு, அணியிலிருந்து யாராவது டிராயிங்கோடு பட்டறை வாசலில் வந்து நிற்கும் நாள் வரக்கூடும். அன்றைக்கு டிராயிங்கின் மூலையில் அளவெல்லாம் மில்லிமீட்டரில் என்று எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அதை மறந்துவிடுவார்கள்.